கூண்டுக்குள் குஸ்தி, வெளியே கொள்ளை!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலை வாயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாலு இளம் தொழிலாளிகள் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் அப்பொழுது சனிக்கிழமை இரவு. எட்டு மூலைக் கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பெண்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். ஜூடோக்காரி ஜெயிப்பாரா, ஜியு-ஜிட்சுக்காரி ஜெயிப்பாரா என்று டீக்கடையில் பலத்த வாதம்.

வாதத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நால்வரில் ஒருவர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பந்தயம் கட்டியிருந்தார், தோற்றும்விட்டார். என்னைப் பார்த்து, "தோழர், எந்தப் பிடிதான் உசத்தி? சொல்லுங்கள், அடுத்த வாரம் அதன் மேல் கட்டுகிறேன்" என்றார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிடியைப் பற்றியது அறிவுள்ள கேள்வி. அதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வோம். பணத்தைப் பற்றியது வேறு விஷயம். அதற்கும் பதில் சொல்லியே தீரவேண்டும்.

எந்தப் பிடி உசத்தி?

ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர் 1882-ல் ஜூடோவை ஏற்படுத்தினார். எதிரியின் சட்டையைப் பிடித்து, அவர் தள்ளும் வேகத்தையே பயன்படுத்தி அவரை முதுகு தரையில் படும்படி எறிவது அதன் சாரம். சுத்தமாக எறிந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. அவருடைய மாணவர் மாயேதா 1914-ல் பிரேசில் நாட்டுக்குப் போனார். அவர் கற்றுக்கொடுத்த வித்தையைக் கிரேசி குடும்பத்தார் வளர்த்ததுதான் பிரேசில் ஜியு-ஜிட்சு. இதில் எறிவது ஆரம்பம் மட்டுமே. தரையில் விழுந்த பிறகுதான் உண்மையான சண்டை.

நம் ஊர் குஸ்தியானாலும் சரி, ஒலிம்பிக் மல்யுத்தமானாலும் சரி, முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. ஜியு-ஜிட்சுவிலோ மல்லாந்து கிடப்பவரே இரண்டு கால்களாலும் எதிரியைப் பூட்டி, கையை முறிக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். ஒருவருக்குத் தோல்வியாக இருப்பது இன்னொருவருக்கு ஆயுதம்! சோவியத் நாட்டில் 1938-ல் அங்கீகாரம் பெற்ற ஸாம்போ இன்னொரு வகை. ஜூடோவையும் பல தேசிய இனங்களின் மல்யுத்தங்களையும் சேர்த்துச் செய்தது. ஜூடோ அனுமதிக்காத கால் முறுக்குப் பிடிகள் அதில் உண்டு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓஷெப்கோவ் 1937-ல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகிச் சிறையில் மாண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஆகவே பொதுவில் உசந்த பிடி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பிடிக்கும் பலமும் உண்டு, ஓட்டையும் உண்டு. சட்டையைப் பிடித்துப் பழகிய ஜூடோக்காரருக்குக் கூண்டில் பிடிக்கச் சட்டை இல்லை. காலைப் பிடித்துக் கவிழ்ப்பதை ஜூடோ விதிகள் 2010 முதல் படிப்படியாகத் தடுத்துவிட்டதால், மல்யுத்தக்காரர் காலில் பாய்ந்தால் திணறவேண்டியிருக்கிறது. மல்யுத்தக்காரருக்கு எதிரியைக் கீழே தள்ளத் தெரியும். தள்ளிய பிறகு கழுத்தைக் கொடுத்துவிட்டு விழிப்பார்.

நிபுணர்களின் கதி என்ன?

இந்தக் கூண்டுச் சண்டைக் கம்பெனியின் பெயர் யு.எஃப்.சி. "பெண்களுக்கு இங்கே ஒருநாளும் இடமில்லை" என்று 2011-ல் அதன் தலைவர் சொன்னார். பெண்களை வைத்தும் பணம் பண்ணலாம் என்று தெரிந்ததும் அந்தக் கொள்கை காற்றில் பறந்தது. 2013 பிப்ரவரி 23 அன்று முதல் பெண்கள் போட்டி நடந்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்ற ரோண்டா ரௌசி முதல் சுற்றிலேயே கைப்பூட்டுப் போட்டு ஜெயித்தார். எதிரியின் ஒரு கைக்கு எதிராகத் தன் இரண்டு கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் திரட்டி நெம்புவதே அந்தப் பிடி. 2015 பிப்ரவரியில் அதே பிடியால் 14 விநாடியில் ஒரு போட்டியை முடித்தார்.

பந்தய உலகம் முழுவதும் ரௌசி பக்கம் சாய்ந்தது. 2015 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 56,214 பேர் கூடிய அரங்கில் அவர் ஹாலி ஹோமைச் சந்தித்தார். ஹோம் குத்துச்சண்டைக்காரர். அவர் நெருங்கவே இடம் கொடுக்கவில்லை. விலகி விலகிக் குத்தினார். இரண்டாவது சுற்றில் ஒரே உதையில் ரௌசியைச் சாய்த்தார். பிடிக்கே வாய்ப்பில்லாதபோது பிடி என்ன செய்யும்? 2016 டிசம்பர் 30-ல் அமாண்டா நூன்யஸ் 48 விநாடியில் ரௌசியை வீழ்த்தினார். 2014-க்குப் பின் தோல்வியே காணாத அதே நூன்யஸ் 2021 டிசம்பரில், யாரும் எதிர்பாராத ஜூலியானா பெனாவின் கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார். ஆயுள் முழுவதும் இதையே பார்க்கும் நிபுணர்களின் கதியே இது!

சூதாட்டக் கணக்கு

"நிபுணர்கள் தோற்றாலும் நான் யோசித்துக் கட்டினால் ஜெயிக்கலாமே" என்கிறார் நம் தோழர். கணக்கைப் பார்ப்போம்.

சமபலமுள்ள இரண்டு பேர் மோதுகிறார்கள். வழக்கமான விலைப்படி 100 ரூபாய் ஜெயிக்க 110 ரூபாய் கட்டவேண்டும். நீங்கள் ஒருத்தி மேல் 110 கட்டுகிறீர்கள். பக்கத்துத் தறிக்காரர் மற்றவர் மேல் 110 கட்டுகிறார். பந்தயக் கம்பெனிப் பெட்டியில் 220 விழுந்தது. ஜெயித்தவருக்கு 210 கொடுக்கிறான். மீதி 10 ரூபாய் அவனுக்கு. கூண்டுக்குள் யார் ஜெயித்தாலும் அவனுக்குப் பத்து ரூபாய்! நூறு பந்தயத்தில் 52 ஜெயித்தாலும் உங்களுக்கு 80 ரூபாய் நஷ்டமே. 53 ஜெயித்தால்தான் லாபம் எட்டிப் பார்க்கும். அப்படித் தொடர்ந்து ஜெயிப்பவரையும் கம்பெனி விட்டுவைப்பதில்லை. அவர் கட்டக்கூடிய தொகையைச் சுருக்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. வீராங்கனைக்கு முழங்காலில் அடி, எடை குறைக்கப் பட்டினி கிடந்து பலம் போய்விட்டது என்ற சேதியெல்லாம் உள்ளே இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். 2022 நவம்பரில் ஆண்கள் போட்டி ஒன்றில், சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு ஒருவருக்கு எதிராகப் பணம் குவிந்தது. அவர் காலில் காயத்தோடு கூண்டில் ஏறி, முதல் சுற்றிலேயே தோற்றார். விசாரணை வந்தது, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்தக் கம்பெனிப் போட்டிகள் மீது பந்தயத்தையே நிறுத்திவைத்தது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சேதி எப்படி வரும்?

"இது அதிர்ஷ்டமல்ல, திறமை" என்கிறார்கள் பந்தய முதலாளிகள். குதிரைப் பந்தயம் திறமை ஆட்டமே என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது. திறமை இருப்பது உண்மைதான். கூண்டுக்குள் இருப்பவருக்குத் திறமை இருக்கிறது. விலை நிர்ணயிக்கும் கம்பெனிக்கும் இருக்கிறது. நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டது ஏற்கெனவே அந்த விலைக்குள் அடங்கிவிட்டது. விஷயம் தெரியாதவன் பயந்து கொஞ்சமாகக் கட்டுகிறான். தெரிந்தவன் துணிந்து அதிகமாகக் கட்டுகிறான். தூண்டிலில் குத்திய புழு உங்கள் அறிவேதான்!

அடிபடுபவருக்கு என்ன கூலி?

2016-ல் அந்த 48 விநாடிச் சண்டைக்கு, தோற்ற ரௌசிக்கு நிச்சயித்த சம்பளம் 30 லட்சம் டாலர். ஜெயித்த சாம்பியன் நூன்யஸுக்கு 1 லட்சம், ஜெயித்ததற்கு மேலும் 1 லட்சம். அதே ஆண்டில் கம்பெனி ஏறக்குறைய 400 கோடி டாலருக்குக் கைமாறியது. 2001-ல் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள்!

மூக்கை உடைத்துக்கொள்ளும் இவர்கள் கம்பெனியின் தொழிலாளிகள் அல்லவாம். "சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சொல்லும் அதே பல்லவி! கூட்டுப் பேரம் பேச அவர்களுக்கு யூனியன் இல்லை. வீரர்கள் சிலர் 2014-ல் வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் போராடிய பிறகு, 2025 பிப்ரவரியில் 37.5 கோடி டாலர் சமரசத் தொகைக்குக் கோர்ட் ஒப்புதல் அளித்தது. ஒன்றுபட்டதால் கிடைத்த காசு அது. எந்தப் பந்தயத்திலும் கிடைத்ததல்ல.

நம் நாட்டு மல்யுத்தப் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். சாக்ஷி மாலிக், வினேஷ் போகாட் முதலியோர் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் தொந்தரவுப் புகார் சொல்லி 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மே 28 அன்று போலீஸார் அவர்களைத் தெருவில் இழுத்துச் சென்றார்கள். பந்தயக் கம்பெனி எதுவும் துணைக்கு வரவில்லை. விவசாயிகளும் தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும்தான் வந்தார்கள்.

என்ன செய்யவேண்டும்?

திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடின்றி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. பற்றாத கூலி இருக்கும்வரை, ஒரே நாளில் கடனை அடைக்கும் ஆசையும் இருக்கும். அந்த ஆசையை மூலதனமாக்கத் திருட்டு வழியில் வேறு செயலி வரும். தோழர்களைக் கேலி செய்து பயனில்லை. கடனில் விழுந்தவரைச் சங்கம் தாங்கவேண்டும், கூலிக்காகப் போராடவேண்டும்.

சண்டையைப் பாருங்கள், தோழர்களே! பிடிகளைப் பற்றி விடியவிடிய வாதாடுங்கள். முடிந்தால் உங்கள் பெண் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கீழே கிடப்பவரும் ஜெயிக்கலாம் என்று சொல்லும் வித்தை உழைப்பாளிக்குப் பிடிக்காமல் போகுமா? உடம்பு முழுவதையும் ஓரிடத்தில் திரட்டி நெம்பினால் பலசாலியின் கையும் வளையும். அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.