முக்காட்டுக்குள் ரெபெக்காள்



சென்ற மாதம் நமது சபைக் குடும்பம் ஒன்றின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், மெல்லிய திரையால் முகம் மூடிய ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் வாங்கியனுப்பியது. பழைய இத்தாலிய வேலைப்பாடு என்று சொல்லி விற்றார்களாம். கையில் எடுத்தபோது, கல்தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வார்த்ததாகவே எனக்குத் தோன்றிற்று. மகிழ்ச்சியான நாளில் அதை நான் சொல்லவில்லை. அந்த வீட்டுத் தாயார் கேட்டதோ வேறு: "ஐயா, இது விக்கிரகம் ஆகிவிடுமா?"

ஒருவரும் வணங்காத அலங்காரப் பொருள் விக்கிரகமாகாது என்று சொல்லி ஜெபித்து வந்தேன். ஆயினும் அந்த முகம் மனதைவிட்டு அகலவில்லை.

இவ்வகைச் சிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும் மோகமாயிருந்தன. ரஃபாயெல்லே மோந்தி என்னும் இத்தாலியச் சிற்பி 1847இல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபுவுக்காக ஒன்று செதுக்கினார். நம் நாட்டில் புகழ்பெற்றது, ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலுள்ள 'முக்காடிட்ட ரெபெக்காள்'. ஜோவான்னி மரியா பென்சோனி செதுக்கியது. ஐதராபாத்தின் திவானாயிருந்த முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமாபுரியில் அதை வாங்கினார். கல் எங்கும் ஊடுருவித் தெரிவதில்லை. மடிப்புகளை உயர்த்தி, முகத்தின் மேடு பள்ளங்களை மட்டும் மெலிதாகக் காட்டிவிட்டால், மற்றதை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. கைத்திறனை நான் குறை கூறவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் ரெபெக்காள் முக்காடிடுவது ஏறக்குறைய கடைசியில்தான். அதற்குமுன் அவள் குடத்தோடு துரவுக்கு வருகிறாள். பத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு வார்க்கிறாள். ஒட்டகம் எவ்வளவு குடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு அது எத்தனை நடை என்பது புரியும். தேரி மணலில் குடம் சுமந்த நம் பாட்டிமாருக்குப் போதகர் விளக்கவேண்டியதேயில்லை. பின்பு, வந்த மனிதனோடு போகிறாயா என்று வீட்டார் அவளையே அழைத்துக் கேட்கிறார்கள். போகிறேன் என்று அவளே சொல்லுகிறாள். முக்காட்டை அவளே எடுத்து அணிகிறாள். உலகம் விலை கொடுத்து வாங்கியதோ அந்த முக்காட்டை மட்டுமே.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், தென்திருவிதாங்கூரில், அந்தச் சிலை இந்தியாவுக்கு வருவதற்குப் பதினேழே ஆண்டுகளுக்கு முன்புவரை என்ன நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நாடார் பெண்கள் மார்பின்மேல் சீலை இடுவது குற்றமாயிருந்தது. மிஷனெரிமாரின் மனைவியர் குப்பாயம் தைக்கக் கற்றுக்கொடுத்தனர். அதை அணிந்து சந்தைக்குப் போன பெண்களின் ஆடை வீதியிலே கிழிக்கப்பட்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1829இன் அரசாணை குப்பாயத்தை அனுமதித்து மேற்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26இல் வெளியான பிரகடனமும், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடேதான் வந்தது. அந்தப் பெண்களுக்கு எந்த அருங்காட்சியகமும் பளிங்கு தேடவில்லை. நம்மில் பலருக்கு அவர்கள் உறவுமுறை.

ஆகவே சிலையை அகற்றுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் கவலையெல்லாம், பேசாத பெண்ணை அழகு என்று ரசிக்கப் பழகிய கண் வீட்டுக்குள்ளும் அதையே தேடும் என்பதுதான். நம்மிடையே சம்பந்தம் பேசும்போது நகை பேசப்படுகிறது, வீடு பேசப்படுகிறது, பையனின் வேலை பேசப்படுகிறது. பெண்ணிடம் கேட்பது பல வீடுகளில் மண்டபத்திற்கு முன்பணம் கட்டிய பிறகுதான். அவள் மௌனமாயிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆபிரகாமின் ஊழியக்காரன் அவசரத்தில்தான் இருந்தான். உடனே அனுப்பிவிடுங்கள் என்றுதான் கேட்டான். அப்போதும் அவளைக் கேட்டார்கள்.

இனி திருமண ஓலை எழுதக் கொடுக்க வருகிறவர்கள், மணமகளையும் ஆலய அலுவலகத்திற்கு அழைத்துவர வேண்டுகிறேன். பெற்றோர் வெளியே அமர்ந்திருக்க, என் மனைவி அவளோடு சற்றுநேரம் தனியே பேசுவார். அதன்பின்பே முதல் ஓலை வாசிக்கப்படும். சிலர் இதை வருத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அறிவேன். வந்து என்னோடு பேசுங்கள்.