கிழவனைக் கழற்றிவிட்டால் அணி எழுந்துவிடுமா?

இலங்கை அணி ஒரு தொடரைத் தோற்றால் போதும், ஹல்துமுல்லைச் சந்திக் கடைகளில் தேநீரோடு ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: "வயசானவங்கள அனுப்பிட்டு சின்னப் பயலுகளப் போடணும்." அணியைப் புதிதாகக் கட்டும்போது மூத்த பந்துவீச்சாளர் வெறும் பாரம், விலை இருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும் என்பது இப்போது கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கொண்ட கதையாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர்கள் முதலில் சொல்வது, அணி தேறி வரும் நாளில் அந்த மனிதர் இருக்கப்போவதில்லை, பிறகு எதற்கு இடம் என்பது. 2014 ஓகஸ்டில் மஹேல ஜயவர்தன டெஸ்டிலிருந்து விலகினார். அடுத்த ஓகஸ்டில் குமார் சங்கக்காரவும் போனார். அதைவிடப் பெரிய இடிபாடு எந்த அணிக்கு வரும்? 2016 இல், தரவரிசையில் முதலிடத்திலிருந்த அவுஸ்திரேலியா வந்தபோது சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத்துக்கு வயது 38. அதுவரை நாம் அவர்களை ஒரேயொரு டெஸ்டில்தான் வென்றிருந்தோம். அந்தத் தொடர் 3-0 என்று முடிந்தது. ஹேரத் எடுத்தவை 28 விக்கெட்டுகள்.

காலியில் அவர் எடுத்த ஹட்ரிக்கை மட்டும் பாருங்கள். வோஜஸ் ஓங்கி அடித்து கவர் பக்கம் பிடிகொடுத்தார். நெவில் பந்து திரும்பும் என்று ஆடினார். அது திரும்பாமல் நேரே வந்து காலில் பட்டது. ஸ்டார்க்குக்கு நடுவர் விரலை உயர்த்தவில்லை, நம் தலைவர் மெத்தியூஸ் மேன்முறையீடு செய்து வாங்கினார். மூன்றிலும் வேகமுமில்லை, பெரிய சுழலுமில்லை. துடுப்பாட்டக்காரர் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்த கை அது. அதே தொடரின் முதல் டெஸ்டில்தான் பல்லேகலவில் லக்ஷான் சந்தகன் அறிமுகமானார், குசல் மெண்டிஸ் 176 ஓட்டம் அடித்தார். எதிரணியை ஒருவர் சுருட்டித் தந்தபடியால்தான் பயல்களின் அந்த உழைப்பு வெற்றியாகக் கணக்கில் ஏறியது. தோற்றுத் தோற்றே கற்றுக்கொள்ளட்டும் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

மூத்தவர் வழியை மறிக்கிறார் என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஹேரத்தே அதற்குச் சாட்சி. 1999 இல் அறிமுகமாகி, முத்தையா முரளிதரனின் நிழலில் அடுத்த பத்து வருடங்களில் இருபது டெஸ்ட்கூட ஆடவில்லை. 2009 இல் முரளிக்குக் காயம் வர, இங்கிலாந்தில் கழகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு எடுத்தார்கள். அந்த டெஸ்டில் பாகிஸ்தான் 168 ஐத் துரத்தி 117 இல் சுருண்டது. ஹேரத் 15 ஓட்டத்துக்கு 4 விக்கெட். ஆனால் இதற்காக முரளியை முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்று மலையகத்தில் நின்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்! தவறு, இரண்டு பேரையும் சேர்த்து ஆடவிடத் தயங்கியவர்களுடையது. காலி, பல்லேகல, கொழும்பு எஸ்எஸ்சி என்று எங்கும் பந்து திரும்பும் நாட்டில் இரண்டு மூன்று சுழல்காரருக்கு இடமுண்டு. 2016 இல் ஹேரத், டில்ருவன் பெரேரா, சந்தகன் மூவரும் சேர்ந்தே ஆடினார்கள். காலி டெஸ்டில் டில்ருவன் 10 விக்கெட் எடுத்தார்.

மூத்தவரோடு சேர்ந்து ஆடும் இளையவன் என்ன கற்கிறான் என்பதை எங்கள் தோட்டத்து சொப்ட்போல் ஆட்டத்திலும் காணலாம். சரிவில் வெட்டிய மைதானம், ஒரு பக்கம் அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். ஃபெக்டரி வேலைக்குப் போகும் ஓர் அண்ணன், தொப்பை வைத்தவர், மெதுவாக வீசுவார். பந்து போடுமுன் தலைவனான பயலைப் பார்த்து, "தம்பி, அவன ரெண்டு எட்டு உள்ள வரச் சொல்லு" என்பார். அடுத்த பந்தில் பிடி அங்கேதான் போகும். தலைவன் அதற்கடுத்த வாரம் அதைத் தானாகவே சொல்லுவான்.

விலை இருக்கும்போதே மாற்று என்பது மூன்றாவது. இது ஐபிஎல்லிலிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. 2025 இல் கடைசி இடத்துக்கு விழுந்த சென்னை, அந்த நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. மஞ்சள் சட்டை போட்ட எங்கள் பயல்கள் பாதிப்பேர் அழுதார்கள், பாதிப்பேர் கைதட்டினார்கள். அமெரிக்க பேஸ்போல் அணிகளும் வருடாவருடம் மூத்த பந்துவீச்சாளரைக் கொடுத்து இளையவர்களை வாங்குகின்றன. சரிதான், அங்கே பதிலுக்கு ஒருவர் வருகிறார். நாட்டு அணியில் ஹேரத்தை அனுப்பினால் யார் வருவார்? சந்தையே இல்லாத இடத்தில் விலை பேசுகிறோம்.

2019 பெப்ரவரியைக் காட்டுவார்கள். ஹேரத் ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆன இளம் அணி தென்னாபிரிக்காவில் 2-0 என்று வென்றது. டேர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153, புதுமுகம் எம்புல்தெனியவுக்கு 5 விக்கெட். மறுப்பேதுமில்லை. ஆனால் போர்ட் எலிசபெத்தில் தென்னாபிரிக்காவை 128 இல் மடக்கியபோது 39 ஓட்டத்துக்கு 4 விக்கெட் எடுத்தவர், அடுத்த மாதம் 32 ஆகவிருந்த சுரங்க லக்மால்.

உடம்பு தாங்காது என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2018 இன் தொடக்கத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட லசித் மாலிங்க, 2019 செப்டெம்பரில் 36 வயதில், நியூசிலாந்துக்கு எதிராக பல்லேகலவில் அடுத்தடுத்து நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். அன்றைய கணக்கு 6 ஓட்டத்துக்கு 5. எல்லா நாளும் அப்படி அமையாது. 2017 இல் இந்தியா இங்கே 3-0 என்று அடித்தபோது ஹேரத்தும் அணியில் இருந்தார். இரண்டே மாதத்தில் அபுதாபியில் 136 ஐத் துரத்திய பாகிஸ்தானை 114 இல் மடக்கியவரும் அவரே. 43 ஓட்டத்துக்கு 6 விக்கெட், வயது 39.

2018 நவம்பரில், 433 விக்கெட்டோடு, ஹேரத் தானே காலியில் விடைபெற்றார். வழி திறந்துவிட்டது. எம்புல்தெனிய வந்தார், நிலைக்கவில்லை. 2022 ஜூலையில் அதே காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுக டெஸ்டிலேயே 12 விக்கெட் எடுத்து அந்த இடத்தைப் பிடித்தவர் பிரபாத் ஜயசூரிய. அவருக்கு அப்போது வயது 30.