ஒரு முறை போனவர் மறுமுறை போகாதது ஏன்?

தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019இல் 2.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடாகிவிட்டது. ஏறத்தாழ 10 லட்சம் பேர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவும் அதே 2023இல் நீக்கப்பட்டது. 'தயங்காமல் ஆலோசகரைப் பாருங்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர் மறுபடி போனாரா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் இருவரும் 2012இல் 669 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். உளவியல் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். இளையோர் இன்னும் அதிகம்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டை, வேலை, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா, எத்தனை நாளாக என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. பாரம் நிரம்பிவிடுகிறது, நேரமும் முடிந்துவிடுகிறது. வந்த காரணம் அவர் நெஞ்சிலேயே இருக்கிறது. தமிழில் அவர் 'நெஞ்சு அடைக்குது, ராத்திரி தூக்கமே இல்லை' என்பார். மலாயில் அவருக்குக் கிடைப்பது 'தெக்கானான்' என்ற ஒரே சொல். அதையே எழுதிக்கொண்டால் பாதி நோய் விட்டுப்போகும்.

பாரம் தேவைதான். ஆனால் முதல் பத்து நிமிடம் அவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே திருப்பிச் சொன்னால், 'இவருக்குப் புரிந்துவிட்டது' என்ற எண்ணம் வரும். எத்தனை சந்திப்பு தேவைப்படலாம், தொடக்கத்தில் மனம் இன்னும் கனக்கக்கூடும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஒரே தடவையில் சரியாகவில்லை, இது நமக்கு வேலைக்காகாது என்று அவரே முடிவு கட்டிவிடுவார்.

ரகசியம் இன்னும் பெரிய விஷயம். 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருப்பவர்கள் நாம். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பேசியது வெளியே போகாது என்பதை ஆலோசகர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் லயத்துக்கே தெரிந்த மாதிரி.

எல்லாப் பழியும் ஆலோசகர் தலையில் அல்ல. அடுத்த தேதி பல வாரம் தள்ளிக் கிடைத்தால், எவ்வளவு நல்ல முதல் சந்திப்பும் ஆறிப்போகும்.

ஓர் ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று பதியும்போதே சொல்லலாம். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.