விஞ்ஞானக் காணொளிகளும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும்

விஞ்ஞான மனப்பான்மையை வளர்த்தல் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று இந்திய அரசியலமைப்பு கூறுகிறது. 1976-ம் ஆண்டில் நிறைவேறிய 42-வது திருத்தத்தின் வாயிலாக இக்கடமை அதில் இடம் பெற்றது. இதனை நிறைவேற்றுவதற்கு இன்று மக்களின் கைக்கு எட்டியுள்ள சாதனங்களுள் காணொளியைப் போல் ஆற்றல் வாய்ந்தது வேறொன்றில்லை எனலாம். எழுத்தறிவு குன்றியோருக்கும் அது பயன்படுகிறது. சோதனைக் கூடம் இல்லாத பள்ளியில் பயிலும் மாணவனும், பொட்டாசியம் தண்ணீரில் பட்டவுடன் ஊதாச் சுடர் விட்டு எரிவதை அதன் துணையால் கண்ணாரக் காண இயலும்.

ஆயினும், இச்சாதனத்தைக் கையாளுவோர் யாவரும் ஒரு குறையை உணர்ந்தே வருகின்றனர். கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்று அறிய விரும்பும் மாணவன் கைப்பேசியில் அச்சொல்லைத் தேடினால், வாய் பிளந்த முகங்களும், சிவப்பு அம்புக் குறிகளும், விஞ்ஞானிகளே அஞ்சி நடுங்குவதாகக் கூறும் தலைப்புக்களும் திரையை நிறைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திறந்து கால் மணி நேரம் செலவிட்ட பின்னரும், சந்திரனின் நிழல் பூமியின் மீது விழும் செய்தி அவனுக்குக் கிட்டுவதில்லை. நல்ல காணொளிகள் அருகிவிட்டன, தரம் தாழ்ந்துவிட்டது என்று பலரும் வருந்துவதற்கு இதுவே காரணம். இவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் நல்லன அருகிவிட்டன என்பது உண்மையன்று. நல்லன உள்ளன, அவற்றை நாடுவோரிடம் கொண்டு சேர்க்கும் பணிதான் அதற்கு உரியவர் இன்றிக் கிடக்கிறது.

தூண்டிலின் தத்துவம்

மனிதனுக்கு அறியும் அவா எவ்வாறு எழுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கினார். ஒருவன் தான் அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போது, அதை நிரப்பாமல் அவனால் அமைதியுற முடிவதில்லை என்பது அவர் கருத்து. நல்லாசிரியர் வகுப்பில் ஒரு வினாவை எழுப்பிச் சற்று நேரம் விடை கூறாமல் நிறுத்துவதும் இத்தத்துவத்தைப் பின்பற்றியே ஆகும். தூண்டில் தலைப்பு இடுபவரும் இதனையே கையாளுகின்றார். ஆசிரியர் தாம் திறந்த இடைவெளியைத் தாமே நிரப்பி மாணவனை அனுப்புகின்றார். தூண்டிற்காரரோ அதைத் திறந்தபடியே விட்டு, அடுத்த காணொளிக்கு அழைத்துச் செல்கின்றார்.

இதனால் விளையும் கேடு நேர விரயம் மட்டுமன்று. 2021-ம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாவது அலை நாட்டை வாட்டிய வேளையில், 5ஜி எனப்படும் தொலைத்தொடர்புச் சோதனைகளே நோய்க்குக் காரணம் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இதனை மறுத்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. அன்று இந்தியாவில் எவ்விடத்திலும் 5ஜி சோதனை தொடங்கப்படவே இல்லை. அச்சேவை தொடங்கியது 2022 அக்டோபரில்தான். நடவாத ஒன்றின் மீது பழி சுமத்திய கூற்றுக்கு அரசாங்கம் விடையிறுக்க வேண்டியதாயிற்று. பரபரப்புக்குச் சந்தை உள்ள இடத்தில் பொய்க்கும் எளிதில் சந்தை அமைந்துவிடுகிறது.

நேரம் பற்றிய இரு கொள்கைகள்

சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக 1924-ம் ஆண்டில் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவற்றுள் நான்காவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிக்குமாறு நூலகத்தைப் பணிக்கிறது. தேடி வந்தவர் தமக்குரிய நூலை விரைவில் பெற்றுச் செல்லுதலே நூலகத்தின் வெற்றி என்பது இதன் கருத்து.

யூடியூப் நிறுவனம் 2012-ம் ஆண்டில் எடுத்த முடிவை இத்துடன் ஒப்பிட்டு நோக்குதல் தகும். அதுவரை ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தனர் என்பதே பரிந்துரைக்கு முதன்மையான அளவுகோலாக இருந்தது. ஏமாற்றுத் தலைப்புக்கள் பெருகியதைக் கண்ட நிறுவனம், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை அளித்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் அதன் பயனாக நேரத்தைச் சேமிப்பதற்கு மாறாக, நேரத்தைச் செலவிடச் செய்வதே வெற்றியின் அடையாளமாகி விட்டது. இடையிடையே விளம்பரங்களைப் புகுத்துவதற்கு ஒரு காணொளி முன்பு பத்து நிமிஷமும், 2020-ம் ஆண்டு முதல் எட்டு நிமிஷமும் நீண்டிருக்க வேண்டும் என்ற விதியும் இதனுடன் சேர்ந்தது. மூன்று நிமிஷத்தில் முடியக்கூடிய விளக்கம் ஒன்பது நிமிஷம் நீளுவதில் வியப்பில்லை.

நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. பார்வையாளரின் மன நிறைவையும் அது கேட்டறிந்து கணக்கில் கொள்கிறது. தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தமற்ற காணொளிகள் மீது இந்தியாவில் கடும் நடவடிக்கை எடுக்கப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. ஒரே அச்சாகப் பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் காணொளிகளுக்கு விளம்பர வருவாய் இல்லை என்பதை 2025 ஜூலையில் தெளிவுபடுத்தியது. இவை வரவேற்கத் தக்கவை. எனினும் தீயதை நீக்கும் விதி, நல்லது இன்னதென்று சுட்டிக் காட்டுவதில்லை. பார்வையாளர்கள் தெரிவித்த அதிருப்தியின் எண்ணிக்கை 2021 நவம்பர் முதல் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கப்பட்டதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். பொதுமக்களுக்கு இருந்த எளிய எச்சரிக்கைக் குறி ஒன்று அதனால் அகன்றது.

இனிமை வேறு, கல்வி வேறு

பெரும்பாலோர் விரும்புவதே நல்லது என்று கொள்ளவும் இயலாது. வெரிடாசியம் என்னும் சேனலை 2011-ல் தொடங்கிய டெரிக் முல்லர், அதற்கு முன்னர் சிட்னி பல்கலைக் கழகத்தில் பௌதிகக் காணொளிகளைப் பற்றி ஆராய்ந்து 2008-ல் முனைவர் பட்டம் பெற்றவர். தெளிவான நேரடி விளக்கத்தைச் சில மாணவர்களுக்கும், மக்களிடையே வழங்கும் தவறான எண்ணத்தை முதலில் எடுத்துக் கூறிப் பின்னர் அதனை மறுக்கும் உரையாடலை வேறு சிலருக்கும் அவர் காட்டினார். முதல் வகையினர் காணொளி எளிதாகவும் தெளிவாகவும் இருந்ததாகப் பாராட்டினர். ஆனால் தேர்வில் அவர்கள் முன்னேறியது சொற்பமே. இரண்டாம் வகையினர் குழப்பமாக இருந்ததாகக் கூறினர். அவர்களே அதிகம் கற்றிருந்தனர். மேலே எறிந்த பந்தைக் கையின் விசை தொடர்ந்து தள்ளிக் கொண்டிருப்பதாக எண்ணும் மாணவன், சரியான விளக்கத்தைக் கேட்டும் தன் பழைய எண்ணத்தையே உறுதிப்படுத்திக் கொள்கிறான். ஆகவே, பார்த்தவுடன் ஏற்படும் இன்பத்தைக் கொண்டு தரத்தை அளக்கும் எந்த யந்திரமும் கல்வியைப் பொறுத்தவரை தவறக் கூடியதே.

நல்லாசிரியரை அறியும் வழி

தேடுவோர் காணொளியைத் தேடாமல் அதனை ஆக்கும் ஆசிரியரைத் தேடுதல் நலம். நல்லாசிரியரை அறியச் சில அடையாளங்கள் உண்டு. அவர் தம் கூற்றுக்கு ஆதாரம் காட்டுவார். பிழை நேர்ந்தால் வெளிப்படையாகத் திருத்துவார். தமக்குத் தெரிந்த துறையைக் கடந்து பேசுவதற்குத் தயங்குவார். தலைப்பில் எழுப்பிய வினாவுக்குக் காணொளியில் விடை தருவார். கவர்ச்சியான தலைப்பு ஒன்றே குற்றமாகாது. வாக்களித்ததை வழங்காமையே குற்றம்.

சான்றுகளுக்குக் குறைவில்லை. நாட்டிங்காம் பல்கலைக் கழக ரசாயனப் பேராசிரியர் மார்ட்டின் போலியாகாஃபும் அவர் துணைவர்களும் 2008 முதல் தனிமங்கள் ஒவ்வொன்றுக்கும் காணொளி வெளியிட்டுள்ளனர். இந்தியாவில் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் பழைய காகிதமும் கொண்டு விஞ்ஞான விளையாட்டுப் பொருள்கள் செய்யும் முறைகளைச் சின்னஞ்சிறு படங்களாக வழங்கியுள்ளார். அவை தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகள் கட்டணமின்றிக் காணக் கூடியவை. பாட எண்ணும் பொருளும் மட்டுமே தாங்கிய அவற்றின் தலைப்புக்களில் ஆரவாரம் இல்லை. ஆதலால் தேடாதவர் கண்ணில் அவை எளிதில் படுவதும் இல்லை.

அறிமுகமற்ற புதியவர்களைக் கண்டறியவும் வழி உண்டு. கணிதச் சேனல் நடத்தும் கிராண்ட் சாண்டர்சன், ஜேம்ஸ் ஷ்லாஸ் என்பவருடன் சேர்ந்து 2021-ம் ஆண்டில் கணித விளக்கப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். போட்டியாளர்களே பிறருடைய ஆக்கங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுச் சிறந்தது எது என்று கூறினர். சந்தாதாரர் எவருமில்லாத புதியவரின் பணியும் இதனால் துறை அறிந்தோரின் பார்வைக்கு வந்தது. யந்திரத்தின் தீர்ப்புக்கு மாற்றாக அறிந்தோரின் தீர்ப்பை அமைக்க இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

செய்ய வேண்டிய பணி

நகரத்தில் வாழும் மாணவனுக்கு நல்ல காணொளி கிட்டாவிடினும் தனிப் பாடம் கற்பிப்போர் உண்டு, புத்தகக் கடை உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியை நோக்கிச் செல்லும் கிராமத்து மாணவிக்கோ கைப்பேசி ஒன்றே நூலகமும் ஆசிரியருமாக இருக்கிறது. தூண்டில் தலைப்புக்கள் அவளிடமிருந்து கவர்ந்து கொள்ளும் ஒரு மணி நேரம், ஈடு செய்ய இயலாத இழப்பாகும்.

ஆகவே, இப்பணியை நூலகங்களும் பள்ளிகளும் பல்கலைக் கழகங்களும் மேற்கொள்ளல் வேண்டும். பொது நூலகம் நூல்களுக்கு அட்டவணை தயாரிப்பது போலவே காணொளிகளுக்கும் தயாரிக்கலாம். பொருள், வகுப்பு, மொழி, நீளம், ஆசிரியரின் தகுதி ஆகிய ஐந்தும் ஒரு வரியில் அடங்கிவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் விஞ்ஞான ஆசிரியர் தாம் முழுதும் பார்த்துத் தேர்ந்த பத்துக் காணொளிகளின் பெயரை ஆண்டுதோறும் எழுதி வைத்தாலும் போதும். சில ஆண்டுகளில் மாவட்டத்துக்கு ஒரு நல்ல தொகுப்பு உருவாகிவிடும். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. பொறுமையும் பொறுப்புணர்ச்சியும் உள்ள மனிதர்களே தேவை. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று 1931-ல் சென்னையிலிருந்து எழுந்த கோட்பாடு, திரையின் முன் அமர்ந்திருக்கும் இன்றைய மாணவர்களுக்கும் உரியதே ஆகும்.