பொன்னாடை வேண்டாம், அச்சில் இடம் கொடு!

அழைப்பிதழ் வருகிறது. வழவழ தாள், நாலு வண்ணம். பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் தலித் இலக்கியக் கருத்தரங்கமாம். நம்ம எழுத்தாளரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்கிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், மத்தியானம் சாப்பாடு போடுகிறார்கள். சாயந்திரம் அவர் பஸ் ஏறி ஊர் வந்து சேருகிறார். அவருடைய புத்தகம் அந்த வளாகத்து நூலகத்தில் இருக்கிறதா? அங்குள்ள பதிப்புத்துறை அவர் எழுத்தில் ஒரு பக்கமாவது அச்சடித்திருக்கிறதா? கேட்டுப் பாருங்கள், முகம் சுண்டிப் போகும்.

ஆள் வேணும், எழுத்து வேணாம். ஊர்த் திருவிழாவுக்குப் பறை வேணும், அடிக்கிறவன் தெருவுக்குள்ள வரக்கூடாது. இதுக்கும் அதுக்கும் என்னாங்க வித்தியாசம்?

தோழர்களே, அச்சு என்பது வெறும் மையும் தாளும் அல்ல. எது அறிவு, எது வெறும் புலம்பல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அது. பல்கலைக்கழக முத்திரை விழுந்த புத்தகம் மேற்கோளாகிறது, பாடமாகிறது, பட்டமாகிறது. முத்திரை விழாதது பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாச பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வாரப் பத்திரிகை தொடங்கினார். பிறகு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் சாகும்வரை வாரா வாரம் வரலாறு, பௌத்தம், மருத்துவம், சாதி எதிர்ப்பு என்று எழுதிக் குவித்தார். தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்த்தவர் என்று பதிந்து வைத்தவரும் அவரே. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அரை நூற்றாண்டு வயது. அது 1857இல் வந்தது. சேப்பாக்கத்துக்கும் ராயப்பேட்டைக்கும் எத்தனை தூரம்? நடந்தே போய்விடலாம். ஆனால் நம்ம பண்டிதர் அந்த வளாகத்துக்குள் புத்தகமாக நுழைய எத்தனை காலம் ஆனது!

1924 தொடங்கி 1936 வரை அதே பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகன் போட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆக, பணமும் இருந்தது, ஆளும் இருந்தது, அச்சும் இருந்தது. பண்டிதரின் எழுத்தை மறுபடி மறுபடி அச்சிட்டுக் காப்பாற்றியது யார்? கோலார் தங்கவயலில் நம்ம சனங்கள் நடத்திய சித்தார்த்த புத்தகசாலை. பூமிக்கு அடியில் இறங்கிப் பாறை உடைத்தவர்களின் ஊர் செய்த வேலையைப் பட்டம் வாங்கியவர்களின் ஊர் செய்யவில்லை. அதற்குப் பின்னும் பழைய இதழ்களைப் பூச்சி அரிக்காமல் பாதுகாத்தது அன்பு பொன்னோவியம் மாதிரியான இயக்கக்காரர்களின் வீட்டு அலமாரிகள்தான்.

இப்போது ஒரு பட்டியல் போடுவோம். அம்பேத்கர் எழுத்தும் பேச்சும் தொகுதிகளாக 1979 முதல் வரத் தொடங்கியது மகாராஷ்டிர அரசின் கல்வித்துறையால். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது மதுரையில் ஒரு சமூகச் செயல்பாட்டு மையத்தால். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் வந்தது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால். தமிழ் தலித் எழுத்துகளின் பெரிய ஆங்கிலத் தொகுப்பு 2012இல் வந்தது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தால். பம்பாய், மதுரை, பாளையங்கோட்டை, கடல் தாண்டி ஆக்ஸ்போர்டு. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் இந்தப் பட்டியலில் எங்கே? தமிழுக்கென்றே 1981இல் தஞ்சாவூரில் ஒன்று தொடங்கினார்களே, அது எங்கே?

கேட்டால் மூன்று பதில்கள் ரெடியாக இருக்கும்.

முதல் பதில், நிதி இல்லை. கருத்தரங்கத்துக்கும் பொன்னாடைக்கும் விருந்துக்கும் இருக்கிற நிதி, புத்தகம் என்றதும் எங்கே ஓடிப் போகிறது?

இரண்டாவது பதில், தரம். இது கொஞ்சம் தந்திரமானது. ‘கருக்கு’ வந்தபோதும் மொழி கொச்சை என்று மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. அந்தக் கொச்சையில்தான் நம்ம அம்மாக்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளை வளர்த்தார்கள். அதே புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து, அடுத்த வருஷம் கிராஸ்வேர்ட் பரிசு வாங்கியது. உடனே பொத்தின கை விலகியது. ஆக, தரம் எங்கே இருந்தது? எழுத்திலா, மோந்து பார்த்த மூக்கிலா?

மூன்றாவது பதில், நாங்கள் சாதி பார்ப்பதில்லை. பார்க்காததால்தான் நாங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையோ?

ஆக்ஸ்போர்டு போட்டுவிட்டதே என்று நாம் நெஞ்சு நிமிர்த்தவும் வேண்டாம். உலகம் படிக்கட்டும், நல்லது. ஆனால் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே கலைக் கல்லூரியில் படிக்கிற நம்ம வீட்டுப் பெண்ணுக்கு அவள் கதையே ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து கிடைக்க வேண்டுமா? அந்த வழியும் நிரந்தரமில்லை. 2021இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? ஆங்கில இளங்கலைச் சிறப்புப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், கூடவே மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும் மேற்பார்வைக் குழு தூக்கி எறிந்தது. கல்விக் குழு உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். ஆனாலும் எறிந்தது எறிந்ததுதான். ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், முடிந்தது கதை.

இங்கேதான் சூட்சுமம். பாடத்தில் இருந்தால் புத்தகம் விற்கும், விற்றால் மறுபதிப்பு வரும், மறுபதிப்பு வந்தால் நூலகம் வாங்கும். பாடத்திலிருந்து எடுத்தால் இந்தச் சங்கிலி மொத்தமும் அறுந்து போகும். யாரும் புத்தகத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை, எரிக்க வேண்டியதில்லை. அது தானாகவே கடையிலிருந்து மறைந்துவிடும். அதனால் பாடக்குழு, பதிப்புக்குழு, நூலகக்குழு ஆகிய மூன்று அறைகளிலும் நம்ம ஆள் இல்லாதவரை பொன்னாடை வெறும் துணிதான்.

2023இல் கிண்டியில் பண்டிதருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். திறக்கட்டும். ஆனால் மண்டபத்தை யாரும் படிக்க முடியாது. ‘தமிழன்’ இதழ்கள் முழுவதையும் ஒரு மாணவன் கையிலிருக்கும் காசுக்கு வாங்குகிற விலையில் ஒரு பல்கலைக்கழகம் போடட்டும், அதுதான் மரியாதை.

மாணவத் தோழர்களே, கோஷத்தோடு நிறுத்த வேண்டாம். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு. அவரவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். பத்து வருஷத்தில் பதிப்புத்துறை வெளியிட்ட நூல்கள் எவை? பதிப்புக்குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? வந்த கையெழுத்துப் படிகள் எத்தனை, திருப்பி அனுப்பியவை எத்தனை, என்ன காரணம்? முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அதை அச்சடிப்போம். சொல்லாவிட்டால் மேல்முறையீடு செய்வோம், அந்த மௌனத்தையும் அச்சடிப்போம்.

எழுத்தாளத் தோழர்களே, அடுத்த அழைப்பிதழ் வரும்போது மேடை ஏறுங்கள், மைக்கைப் பிடியுங்கள், இரண்டே வார்த்தை கேளுங்கள்: என் புத்தகம் எங்கய்யா?