கூடு வாங்கினவர் கூட்டைக் கழுவட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணி இருக்கிறவர்களும், பூனை, முயல், லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். ஆண்கள் கட்டாயம் வாசியுங்கள்.

கிரானில் படிப்பிக்கிற எனக்கு, 'எனது செல்லப்பிராணி' என்ற கட்டுரை எழுதச் சொன்னால் திரும்பத் திரும்ப வருகிற மூன்று வசனங்கள் உண்டு. "அப்பா வாங்கித் தந்தார். நான் அதோடு விளையாடுவேன். அம்மா கூட்டைக் கழுவுவார்." எங்கட ஓட்டமாவடிப் பிள்ளைகள் எழுதினாலும் அப்பா வாப்பாவாக மாறும், அம்மா உம்மாவாக மாறும், மற்றது எல்லாம் அப்படியேதான்.

அந்த அம்மா அடுத்த பிள்ளைக்கு வயிற்றில் சுமந்தால்? அப்போதும் கழுவுவது அவதான். இதைத்தான் இன்று கதைக்க வந்தேன்.

எங்கட ஊர்களில் இதற்கு இரண்டு பதில்தான் இருக்கு. ஒன்று, "பூனையச் சாக்குல போட்டுக் கொண்டு போய்ச் சந்தையில விடு." மற்றது, "எங்கட உம்மாமார் செய்யாத வேலையா? ஒண்டும் நடக்காது." என் பார்வையில் இரண்டும் பிழை. மாற வேண்டியது பிராணி இல்லை, கூட்டைக் கழுவுகிற கை.

முதலில் பூனை. பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் தடவையாக அது தொற்றினால் கரு கலையலாம், பிள்ளையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். சில பிள்ளைகளுக்குப் பிறந்து பல வருடம் கழித்தே கண் பாதிப்புத் தெரியவரும். ஆனால் பூனையைத் தடவுவதால் இது தொற்றுவது மிகவும் அரிது. பூனையும் வாழ்நாள் முழுக்க இதை வெளியேற்றுவதில்லை, பெரும்பாலும் தனக்கு முதன்முதல் தொற்றிய பிறகு ஒன்றிலிருந்து மூன்று கிழமை வரைதான். வெளியேறிய மலமும் உடனே தொற்றாது, 1 முதல் 5 நாள் கழிந்த பிறகே தொற்றும். அதனால் மலத்தை அன்றன்றைக்கே இன்னொருவர் அள்ளி அகற்றினால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். பூனையைத் துரத்தத் தேவையில்லை.

எங்கட பக்கம் மணல் முற்றம். பூனைக்குத் தட்டும் பெட்டியும் யார் வைக்கிறது? அது மணலைக் கிண்டி மூடிவிட்டுப் போகும். ஈரமண்ணில் அந்தக் கிருமி ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே முற்றம் கூட்டுவதும், கீரைப்பாத்தி கொத்துவதும் கூடு கழுவுவது போன்ற வேலைதான். கையுறை போடாமல் கர்ப்பிணி மண்ணில் கை வைக்கக் கூடாது. கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும், ஏனென்றால் அரைவேக்காட்டு இறைச்சியாலும் இதே நோய் வரும். பூனையை மட்டும் குற்றவாளியாக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பறவை. கிளி, லவ் பேர்ட்ஸ், புறா இவற்றின் எச்சம் காய்ந்து தூசாகப் பறக்கும்போது அதை மூச்சோடு உள்ளே எடுத்தால் கிளிக்காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் வரலாம். அரிதுதான், ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் கடுமையாக இருக்கும். காய்ந்த கூட்டை விளக்குமாற்றால் தட்டுவதுதான் நாம் வழமையாகச் செய்வது, அதைத்தான் செய்யக் கூடாது.

மூன்றாவது எலி இனம். ஹம்ஸ்டர் வளர்ப்பவர்கள் இப்போது எங்கட பக்கமும் இருக்கிறார்கள். வீட்டுச் சுண்டெலியிடம் இயல்பாக இருக்கிற எல்.சி.எம். என்ற வைரஸ் ஹம்ஸ்டருக்கும் தொற்றும், அதன் சிறுநீர், எச்சம், எச்சில் வழியாக மனிதருக்கும் வரும். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாகப் போகலாம், சில வேளை ஒன்றுமே தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்கோ தலையில் நீர் கோர்க்கலாம், பார்வை போகலாம். 2005இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் உறுப்புகளைப் பெற்ற நால்வரில் மூவர் இந்த வைரஸால் இறந்தார்கள். அந்தக் கொடையாளியிடம் நோயின் அறிகுறியே இருக்கவில்லை, வீட்டு ஹம்ஸ்டரில் வைரஸ் இருந்தது. உறுப்பு பொருத்தியவர்களின் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது உண்மை. வயிற்றுப் பிள்ளையும் அப்படித்தானே?

ஹம்ஸ்டர் இல்லாத வீடும் தப்பவில்லை. லவ் பேர்ட்ஸ் கூட்டின் கீழ் சிந்துகிற தினைக்கு எலி வரும். மாரியில் வெள்ளம் ஏறினால் எலியும் வீட்டுக்குள் ஏறும். எலிக்காய்ச்சல் எங்களுக்குப் புதிதில்லை. 2008இல் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அது என்று பதிவானது. அந்தக் காய்ச்சலும் கருவைக் கலைக்கக் கூடியது.

"எங்கட உம்மாமாருக்கு ஒண்டும் நடக்கல்லையே" என்கிறீர்களா? ஒன்றும் நடக்காதவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். கலைந்துபோன பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் யார் காரணம் தேடினார்கள்? 'நசீப்', 'தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு எழும்பினோம். இவை அடிக்கடி வருகிற நோய்கள் இல்லை, பயந்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அரை மணித்தியால வேலையை இன்னொருவர் செய்தால் தவிர்க்கக்கூடிய ஒன்றை, ஏன் கர்ப்பிணியின் தலையில் வைக்க வேண்டும்?

ஆகவே கூடு வாங்கினவர் கூட்டைக் கழுவட்டும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், பிறகு அள்ளுங்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், குசினியிலும் கிணற்றடியிலும் வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பழக்குங்கள், ஆண் பிள்ளைக்கும்தான்.

கணவன் கட்டாரில், வீட்டில் வேறு ஆள் இல்லை என்கிற தங்கச்சிமார் இருக்கிறீர்கள், தெரியும். ஹம்ஸ்டர் என்றால் பிள்ளை பிறக்கும் வரை ஒரு சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். மற்றவற்றுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, நனைத்த பிறகு செய்யுங்கள். கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "எங்கட வீட்டுல கூடு இருக்கு." வீடு தேடி வருகிற மிட்வைஃப் அம்மாவிடமும் அதைச் சொல்லுங்கள்.

என் சமூகத்து ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சிட்டுக்குருவி வளர்த்த சின்னப் பையனிடம் நபியவர்கள் (ஸல்) அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த ஹதீஸை எல்லோரும் சொல்வோம். அவர்கள் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவினார்கள் என்ற ஹதீஸும் இருக்கு. முதலாவதைச் சொல்லிக் குருவி வாங்குகிறவர், இரண்டாவதைச் சொல்லிக் கூட்டையும் கழுவ வேண்டும்.

இந்தப் பதிவை மனைவிக்கு அனுப்ப வேண்டாம். அவ வாசித்து, அவவே கையுறை வாங்கி, அவவே கழுவுவா. நீங்கள் வாசித்துவிட்டு எழும்பிப் போய்க் கூட்டைப் பாருங்கள்.