ஆடையும் ஆடலும்

ஆடற்கலைக்கு ஆடை அழகு சேர்க்கலாம். ஆடையே ஆடலாகிவிடுதல் தகுமோ?

1832-இல் பாரிசு நகரில் மேரி தாக்லியோனி வெண்ணிற மெல்லாடை புனைந்து, கால்விரல் நுனியில் நின்று ஆடினார். அதுமுதல் வெண்ணாடையே பாலே நடனத்தின் அடையாளமாயிற்று. அப்பொலிவுக்குத் தந்த விலையோ பெரிது. தீப்பற்றாவண்ணம் பதப்படுத்திய ஆடை மங்கலாகத் தோன்றும் என மறுத்த எம்மா லிவ்ரி, 1862-இல் ஒத்திகையின்போது வாயுவிளக்கின் தீப்பற்றி வெந்தார். மறு ஆண்டு, 20 வயதிலேயே மறைந்தார்.

நம் நாட்டிற்கு வருவோம். பாலே பயின்ற ருக்மிணிதேவியை நம் மண்ணின் கலையை நாடுமாறு தூண்டியவர் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவே. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்ற ருக்மிணிதேவி 1935-இல் அடையாற்றில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. அடுத்த ஆண்டே அங்கு நெசவுக்கூடமும் எழுந்தது. மேடைப்பொலிவு தறிக்கும் சோறிட்டது, இது போற்றத்தக்கது. ஆயினும், அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மகளிர் பலர் மேடையைவிட்டு ஒதுங்க நேர்ந்ததை மறத்தலாகாது.

இப்படிப்பினை நமக்கு அருகிலேயே தேவைப்படுகிறது. ஜவ்வாது மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் ஆட்டத்தைக் கல்லூரி விழாக்களில் மேடையேற்ற விழைவோர், மினுமினுக்கும் வாடகை உடைகளைத் தேடி அலையவேண்டா. மலையேறிச் செல்க, அவ்வூர்ப் பெரியோரிடம் கேட்டறிக, ஆடுவோரையே அழைத்து வந்து முன்வரிசையில் நிறுத்துக. உரியவரை மறைக்கும் ஒப்பனை எத்துணை ஒளிரினும் அது கலைக்கு இருளே.